கிணற்று மேட்டில் ஊதிய விசில்

ஏரியூர்ப் பக்கம் பாறையைப் பிளந்து தண்ணீர் காட்டிய கிணறுகள் எத்தனை என்று எனக்கே கணக்கில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி வாங்கினேன். மாடி வீடு கட்டினேன். ஒரு பெண்ணின் உயிரையும் காப்பாற்றினேன். கிணறு, லாரி, வீடு மூன்றையும் ஊர் ஒப்புக்கொள்கிறது. கடைசியை மட்டும் விட்டுவிடுகிறது.

அறுபதுகளின் கடைசியில் நடந்தது. அவள் என் கிணற்று வேலையில் கல் சுமந்தவள். புருஷன் செத்து, தாய் வூட்டுக்குத் திரும்பியவள். நிலபுலன் உள்ள ஒருவன் அவளைக் கேட்டான். அவள் முடியாது என்றாள். அன்றிலிருந்து சந்தையில் அவன், பென்னாகரம் பஸ்ஸின் பின்படிக்கட்டில் அவன். ஒருநாள் அவள் வளர்த்த ஆட்டின் வயிற்றைக் கிழித்து வாசலில் போட்டான். ஆசையில்தானே அலைகிறான், கட்டிக்கொள் என்றார்கள் பெரியவர்கள்.

“பின்னால வந்தாக்கூடப் பரவால்லீங்க மேஸ்திரி,” என்றாள் என்னிடம். “நான் போற எடத்துக்கு எனக்கு முன்னாடியே வந்து நிக்கறான். நான் எங்கதான் போவேன்?”

ஆசைப்பட்டவன், அவள் முடியாது என்றதும் போய்விடுவான். இவன் போகவில்லை என்றால் இது வேட்டை. எனக்குப் புரிந்தது, பெரியவர்களுக்குப் புரியவில்லை. வெடி வைக்கும் முன் நான் ஊதுகிற விசிலை அவளிடம் கொடுத்து, கிட்டே வந்தால் ஊது என்றேன்.

ஒரு மத்தியானம் புளியமரத்துப் பக்கம் தண்ணீருக்குப் போனவள் ஊதினாள். காடு முழுக்க இருந்த ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாறை மறைவில் குப்புறப் படுத்தார்கள். விசில் கேட்டால் படு என்று பழக்கியவன் நான்தானே. ஆனால் குழியில் வெடிமருந்து வைக்கிறவனும் நான்தான். அன்றைக்கு எந்தக் குழியிலும் மருந்து இல்லை. அது எனக்கு மட்டுமே தெரியும். கடப்பாரையோடு ஓடினேன்.

அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். கொடுவாள் தோளில் இறங்கி எலும்பு தெரிந்தது. ஒரு காது பாதி தொங்கியது. விசில் இன்னும் அவள் பல்லுக்கு நடுவில் இருந்தது.

“கூலிக்காரிக்கு நீ என்னடா மொற?” என்றான்.

“மொறயெல்லாம் இல்லடா. எங்கிட்ட வேல செய்யற ஆளு.”

முதல் அடியில் மணிக்கட்டு முறிந்து கொடுவாள் விழுந்தது. என் முன்கையைக் கடித்துச் சதையை எடுத்தான். தழும்பு இன்றும் இருக்கிறது. இரண்டாம் அடியில் முழங்கால் போனது.

அப்புறம்தான் எல்லாரும் எழுந்து வந்தார்கள். அவள் காயத்தில் மஞ்சள்தூள் அப்பிவிட்டு, வைத்தியச் செலவை அவன் ஏற்கட்டும், தாலியும் கட்டட்டும் என்று பேசத் தொடங்கினார்கள். இரத்தத்தில் நனைந்த சேலையோடு அவள் சொன்னாள்: “நான் டேசனுக்குப் போறனுங்க.”

மாட்டு வண்டியில் ஏற்றி ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், போலீஸ் டேசனில் புகாரை எழுதிக்கொண்டார்கள். சாட்சி சொன்னால் கொளுத்துவோம் என்று அவன் ஆட்கள் மிரட்டினார்கள். அப்போது எனக்கிருந்த கூரை வூட்டைக் கொளுத்தவும் செய்தார்கள். சாம்பல் படிந்த வேட்டியோடு கோர்ட்டில் ஏறிச் சொன்னேன். அவன் ஜெயிலுக்குப் போனான். தோள் ஆறியதும் அவள் மறுபடி கல் சுமக்க வந்தாள், சந்தைக்குத் தனியாகவே போனாள்.

அதன்பிறகு என் வேலையில் நீள விசில் என்றால் வெடி, படு. விட்டுவிட்டு ஊதினால் ஆள் ஆபத்து, ஓடி வா. அந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.

இப்போது ஊரில், பெரியவர்கள் ஓடிப்போய்க் காப்பாற்றினார்கள் என்கிறார்கள். குப்புறப் படுத்தவர்கள் எப்படி ஓடினார்கள்? டேசன் என்ற வார்த்தை அவளுடையது, கடப்பாரை பிடித்த கை என்னுடையது. இனிமேல் சொல்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.