நட்சத்திரம் போட்ட மாமியார்

தாயைப் பார்த்துப் பெண்ணை எடு என்பார்கள். சிதம்பரத்தில் நான் படித்த மொழியியல் அதற்கு நேர் தலைகீழ். மகள்களைப் பார்த்துத் தாயை ஊகிக்க வேண்டும். ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் மகள்கள். அவற்றின் தாயான ஆதி ஜெர்மானிய மொழியை எழுத்தில் பார்த்தவர் யாருமில்லை. ‘கொடு’ என்பதற்கு ஆங்கிலத்தில் கிவ், ஜெர்மனில் கேபென், செத்துப்போன கோத்திக்கில் கிபன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாய் ‘கெபன’ என்று சொல்லியிருப்பாள் என எழுதி முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவோம். ஊகம்தான், யாரும் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் கடலூரில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கீரப்பாளையத்தில் நடவு நேரம் என்று அவர் அம்மா வரவில்லை. அக்காமார் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். காப்பி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். மூத்தவர் ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினார். மற்ற இருவரும் அந்த விரலைப் பார்த்தார்கள். மூன்று மகள்களிடமும் இருந்தால் தாயிடம் இல்லாமலா போகும்? என் மனத்தில் மாமியார் நட்சத்திரத்தோடு எழுந்து நின்றார், கையில் துடைப்பத்துடன்.

“வேணாம்மா,” என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ அழுகை வந்தது. மாப்பிள்ளையின் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வாரமே பேராசிரியர் என் கட்டுரையில் ‘கிவ்’வைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். அதிலுள்ள ககரம் தாய்வீட்டுச் சீதனம் இல்லையாம். கப்பலில் வந்து ஆங்கிலேயர் பக்கத்தில் குடியேறிய நார்ஸ் மொழிக்காரர்களிடம் வாங்கியதாம். அப்படியானால் மகளிடம் இருப்பதெல்லாம் தாய் கொடுத்ததில்லை.

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டுக் கீரப்பாளையம் பஸ் ஏறினேன். முழங்கால்வரை சேற்றோடு வயலிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, போட்டோவில் பார்த்திருந்ததால் என்னை உடனே கண்டுகொண்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு எறும்பு. மகள்களின் சுத்தத்தைப் பற்றி மெல்லக் கேட்டேன்.

“அதுங்க மூணும் நர்ஸுக்குப் படிச்சிதுங்க. ஹாஸ்டல் வார்டன்கிட்ட புடிச்சிக்கிட்ட வியாதி அது. இங்க வந்தா எனக்கே திட்டு ஜாஸ்தி.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்கம்மாவ ஒரு கல்யாணத்துல பாத்துட்டுதான் சரின்னேன். அவுங்க வாயே தெறக்கல. பொண்ணும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நீ இன்னாடான்னா மாமியாரப் பாக்கத் தனியா பஸ்ஸேறி வந்து நிக்கிற!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையின் அதே சிரிப்பு. இது எந்த ஹாஸ்டலிலும் வாங்கியதில்லை.

எறும்போடு காப்பியைக் குடித்தேன்.