செய்திக்கு நடுவே ஒரு சிரிப்பு

போர்ச் செய்தியில் சிரிக்கலாமா என்று அன்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அரசு வானொலியில் செய்தி வாசிப்பது என் அத்தைக்கு உயிர். எழுதித் தந்ததைத் தாண்டி ஒரு சத்தம் வந்தாலும் ஒலியை நிறுத்தத் தணிக்கை அதிகாரி எதிரிலேயே விசையில் விரல் வைத்திருப்பார். போர் நடந்த நேரம்; ஒருநாள் அத்தை செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி உடைந்து அவர் தொப்பென்று விழுந்தார். அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த ஆளில்லை, நாடே கேட்டது.

"உன் சீட்டு கிழிஞ்சுதுடி," என்றார் மாமா.

மறுநாள் அத்தை பயந்துகொண்டே வேலைக்குப் போனார். அதே அதிகாரி இடுப்பைப் பிடித்தபடி சொன்னார்: "நீங்க சிரிச்சதைக் கேட்டு, நிலைமை நல்லாத்தான் இருக்குன்னு ஜனங்க தெம்பாயிட்டாங்களாம். தினமும் சிரிக்கணும்னு மேலிடத்து உத்தரவும்மா."

"அப்போ நீங்க தினமும் விழணுமே சார்!"

அவரே சிரித்துவிட்டார். அத்தை அன்றும் செய்தி வாசித்தார்.

பயந்துகொண்டே வேலைக்குப் போகும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதைச் சொல்லுங்கள்.