கல் பட்ட அலகு

சென்ற ஆவணியில் என் தம்பியின் பேத்திக்குக் காதுகுத்து விழா நடைபெற்றது. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த வேளையில், தம்பியின் மூத்த மகன் எங்கள் தந்தையாரைப் பற்றிய பழைய கதையொன்றை எடுத்துரைத்தான். கவரைப்பேட்டைப் பயணியர் விடுதியில் காவலாளியாக இருந்த பெரியவர், அரசாங்கத்துப் புல்வெட்டும் பொறியைக் கவனக்குறைவால் கெடுத்து, மேலதிகாரியிடம் எழுத்தில் கண்டனம் வாங்கிய கதை அது. எல்லோரும் சிரித்தார்கள். இறந்தவர்மீது கொண்ட அன்பினால் எழுந்த சிரிப்பே அது, குற்றமில்லை. ஆயினும் அக்கதை தவறானது. அது தவறென்று அறிந்தவர்களுள் எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. எண்பதைத் தொடும் அகவையில், இனியும் வாய்மூடி இருத்தல் முறையன்று என்பதால் இதனை எழுதிவைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. இன்று கும்மிடிப்பூண்டி வரை ஆலைப் புகைபோக்கிகள் நிற்கும் அந்த நெடுஞ்சாலையில், அன்று மாட்டுவண்டிகளும் நாளொன்றுக்குச் சில பேருந்துகளுமே சென்றன. விடுதி சாலையை நோக்கியிருந்தது. அதன் முன்னே பரந்த அறுகம்புல் வெளி. வெளியைச் சுற்றிச் செம்மண் சரளைப் பாதை. விடுதியின் பின்புறம், எங்கள் குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட ஓட்டுவீடு. மாதந்தோறும் விடுதியைப் பார்வையிட வரும் மேற்பார்வையாளர் அவ்வீட்டை ஒரு நிபந்தனையின்பேரில் தந்திருந்தார். பிள்ளைகளின் கால் புல்வெளியில் படக்கூடாது. பட்டால் குடும்பம் வெளியேற வேண்டும், காவலாளி மட்டும் தங்கலாம்.

வெளியேறினால் நாங்கள் செல்லவேண்டிய இடம் ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் இருந்த தந்தையாரின் ஊர். அங்கே பெண்பிள்ளைகளின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அடுத்த ஆண்டு தொடர்வண்டியேறிப் பொன்னேரிக்குச் சென்று படிப்பேன் என்று வகுப்புத் தோழியர் அனைவரிடமும் அறிவித்தும் இருந்தேன்.

இத்தகைய கனவுடைய நான் நிபந்தனையை மதித்தேனா என்றால், இல்லை. என்னிடம் ஐந்து கற்கள் இருந்தன. ஆரணி ஆற்று மணலில் பொறுக்கியவை. நாவற்பழ அளவில், வழவழப்பாக, கைக்கு இசைந்தவை. ஐந்தாங்கல் ஆடும் பெண்ணுக்குப் பாடம் மண்டையில் ஏறாது என்பது என் தாயாரின் உறுதியான கொள்கை. இருமுறை கற்களைப் பிடுங்கிக் கிணற்றடிக்கு அப்பால் எறிந்தார். இருமுறையும் தேடியெடுத்தேன். மூன்றாம் முறை, எவரும் தேடமாட்டார்கள் என்று நான் நம்பிய இடத்தில் அவற்றை ஒளித்தேன். கல்வாழைப் பாத்திக்கு அருகே, புல்வெளிக்குள், மழைக்குப்பின் அடர்ந்து வளர்ந்திருந்த அறுகின் அடியில். பிள்ளைகள் கால் வைக்கக்கூடாத இடத்தைவிடப் பாதுகாப்பான இடம் வேறு ஏது?

கார்த்திகை மழை ஓய்ந்த பின்னர் ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பினேன். புல் வெட்டப்பட்டிருந்தது. கற்களைக் காணவில்லை. தம்பிதான் எடுத்திருப்பான் என்று முடிவுசெய்து, அவன் தொடையில் நன்றாகக் கிள்ளினேன். அவன் அலறினான். அவன் அலறியதே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சான்று என்று கருதி இன்னொரு முறையும் கிள்ளினேன்.

புல்வெட்டும் பொறியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அது மனிதர் தள்ளிச்செல்லும் கனத்த இரும்புப் பொறி. வளைந்த ஐந்து அலகுகள் ஓர் உருளையைப்போல் சேர்ந்து சுழலும். அவற்றின் கீழே அசையாத அலகொன்று படுத்திருக்கும். சுழலும் அலகுக்கும் படுத்த அலகுக்கும் இடையே அகப்படும் புல், கத்திரிக்கோலில் அகப்பட்ட துணிபோல் அறுபடும். தந்தையார் அதனைத் தள்ளும்போது எழும் ஒலி எங்கள் வீட்டு நாழிகைக் கணக்குகளுள் ஒன்று.

மார்கழியில் புல் வெளுக்கத் தொடங்கியது. காய்ந்த வெளுப்பு அன்று. அடி பசுமையாக இருக்க, நுனி மட்டும் வைக்கோல் நிறம் கொண்டது. வெட்ட வெட்ட வெளுப்பு மிகுந்தது. தை பிறந்தபோது, புல்வெளி முழுதும் பழைய பாயை விரித்தாற்போல் தோன்றியது. மேற்பார்வையாளர் பார்வையிட வந்தார். பாதையில் நின்றபடியே குடையின் முனையால் புல்லைச் சுட்டினார். மாசி பிறந்ததும் மாவட்டத்து உயர் அலுவலர் வந்து தங்கப்போகிறார் என்றும், அதற்குள் இது பசுமையாகாவிட்டால் வேறு ஆள் அமர்த்தப்படுவார் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எஞ்சியிருந்தவை மூன்று வாரங்கள்.

நாங்கள் நைனா என்று அழைத்த தந்தையார் சொற்சிக்கனமுடையவர். "தண்ணி பத்தல" என்ற ஒற்றைத் தீர்ப்போடு வேலையைத் தொடங்கினார். காலையும் மாலையும் கிணற்றிலிருந்து குடம் குடமாக நீர் சுமந்தார். தோள்பட்டை கன்றிச் சிவந்தது. புல் அசையவில்லை.

தாயாருக்கு அத்தீர்ப்பில் நம்பிக்கையில்லை. பொறி எட்டாத ஓரங்களில், சுவரையும் பாத்தியையும் ஒட்டி வளரும் புல்லை, எங்கள் ஆட்டுக்காக அவரே அரிவாளால் அறுத்துவருவது வழக்கம். ஒரு காலை இடுப்பில் கைவைத்து நின்று புல்வெளியை நோக்கினார். நானும் நோக்கினேன். அதுவரை நாங்கள் கண்டும் காணாதிருந்த ஒன்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. நடுவெளி முழுதும் வெளுப்பு; அதைச் சுற்றி, படத்துக்குச் சட்டமிட்டாற்போல், அரிவாள் பட்ட ஓரங்கள் மட்டும் கரும்பச்சை.

"தண்ணி பத்தலன்னா ஓரத்துக்கு மட்டும் இன்னா, தனியா மழ பேஞ்சிதா?" என்று அவர் கேட்டார்.

"நெழலு" என்றார் தந்தையார், குடத்தை இறக்காமலே.

"இன்னா நெழலு? மத்தியான வெயிலு சொவத்த சுட்டுக்கினு கீது."

தாயார் நடுவெளியிலிருந்து ஒரு புல்லைப் பறித்து என்னிடம் தந்தார். அதன் நுனி அறுபட்டிருக்கவில்லை. மென்று துப்பிய வேப்பங்குச்சிபோல் நார்நாராகப் பிரிந்திருந்தது. ஓரத்துப் புல்லின் நுனியோ நேராக, ஈரமாக இருந்தது. "மிஷினு வெட்டல. பிச்சிக்கினு கீது" என்று தாயார் முடிவாக உரைத்தார். அலகைப் பார்க்கச் செல்ல முயன்றபோது தந்தையார் வழிமறித்தார். பொறியை யாரும் தொடவேண்டாம் என்று, வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாகச் சொன்னார். அதன்பின் அதன்மீது சாக்கு போர்த்தி, கொட்டகைக்குள் நிறுத்தினார். எதற்கும் சினங்கொள்ளாத மனிதர் ஓர் இரும்புப் பொறிக்காக இவ்வாறு சினந்தது எனக்கு விளங்கவில்லை.

இருநாள் கழித்து, நாங்கள் சந்தைக்குச் சென்றிருந்த வேளையில், தந்தையார் தனியே அமர்ந்து ஐந்து அலகுகளையும் சாணைக்கல்லால் தீட்டியிருந்தார். ஒவ்வோர் அலகும் அரிவாள்போல் பளபளத்தது. மறுநாள் பொறியைத் தள்ளினார். முன்பு பிய்த்தாவது எறிந்த பொறி, இப்போது புல்லைத் தலைகுனிய வைத்துவிட்டு மேலே உருண்டு சென்றது. அவர் கடந்ததும் புல் மெல்ல நிமிர்ந்தது.

அன்று மாலை தாயார் என்னை அழைத்துத் தம் தம்பிக்கு ஒரு மடல் எழுதச் சொன்னார். என் தாய்மாமன் பெரம்பூர்ப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். தாயார் சொல்லச்சொல்ல எழுதினேன். அவர் "மிஷினு" என்றதைப் "பொறி" என்று நானே திருத்தினேன். ஒட்டுமுன், "நாலு புல்லையும் உள்ள போடு. பாத்தா அவனுக்கே புரியும்" என்றார். வெளுத்த நுனியுடைய நான்கு புற்களை மடித்து உறைக்குள் வைத்தேன். தந்தையாரிடம் இதைச் சொல்லவேண்டாம் என்பது ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமைக் காலை வண்டியில் மாமா வந்து இறங்கினார். சட்டைப்பையில் அந்த நான்கு புற்களும் சருகாகி இருந்தன. தோளில் குடத்தோடு எதிர்ப்பட்ட தந்தையாரைக் கண்டதும், "இன்னா மாமா, புல்லுக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டிக்கினு கீறீங்களா? சீக்கா கொண்ணாரட்டா?" என்றார். தந்தையார் சிரிக்கவில்லை. தாயாரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தாயாருக்காக மடல் எழுதக்கூடியவள் யார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

மாமா சாக்கை விலக்கினார். தீட்டிய அலகுகளைக் கண்டதும் தரையில் அமர்ந்து சிரித்தார். "இத அரிவாளுன்னு நெனச்சிக்கினீங்களா? இது கத்திரி மாமா. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடணும். நீங்க இத மட்டும் தேச்சிட்டீங்க, அது எட்டிப் போயி நிக்குது. ஒத்தக் கத்திரி துணி வெட்டுமா?"

அதன்பின் அவர் செய்த வேலையை இன்றும் கண்முன் காண்கிறேன். பொறியின் ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றி, உருளையின் அச்சில் ஒரு கைப்பிடியைப் பொருத்தினார். மேல் அலகுகள் கீழ் அலகை மெல்லத் தொடும்வரை இருபக்கத்துத் திருகாணிகளையும் ஒரே அளவாக இறுக்கினார். தாம் கொணர்ந்த, இரும்பையே தேய்க்கவல்ல குருந்தக்கல் தூளை எண்ணெயில் குழைத்து அலகுகளில் பூசினார். பின்னர் உருளையைச் சுழற்றினார், முன்னோக்கியன்று, பின்னோக்கி. வெட்டும் திசையில் சுழற்றினால் அலகு தூளை வெளியே தள்ளிவிடும். எதிர்த்திசையில் சுழற்றினால் மேலும் கீழும் ஒன்றையொன்று தேய்த்துத் தம்மைத் தாமே கூராக்கிக்கொள்ளும். மாமா களைத்தபோது தாயார் சுழற்றினார். தாயாருக்குப்பின் நான் சுழற்றினேன். கரகரவென்ற ஒலி சிறிது சிறிதாக இழைந்து, ஒரே சீரான முணுமுணுப்பாயிற்று.

துடைத்து முடித்ததும் மாமா ஒரு தாள் கேட்டார். என் கணக்கு ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தை மகிழ்ச்சியோடு கிழித்துக் கொடுத்தேன். அலகுகளுக்கு இடையே தாளை நீட்டி உருளையை நகர்த்தினார். ஓசையின்றி அறுந்து விழுந்தது. இடக்கோடி முதல் வலக்கோடி வரை இவ்வாறே சோதித்துவந்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் தாள் அறுபடாமல் மடிந்தது. குனிந்து கீழ் அலகை விரலால் தடவிப் பார்த்தார்.

"பல்லு உழுந்திருக்குது. கல்லு பட்டிருக்குதே மாமா! எப்போ பட்டுது?"

தந்தையார் விடை கூறுமுன், சரளைப் பாதையில் மிதிவண்டி மணி ஒலித்தது. ஞாயிறென்றும் பாராமல் மேற்பார்வையாளர் வந்திருந்தார். சக்கரம் கழன்று கிடந்த பொறியையும் எண்ணெய்க் கையோடு நின்ற எங்களையும் கண்டு, என்ன நேர்ந்தது என்று வினவினார். கல் பட்ட செய்தியை மாமாவே கள்ளமின்றிச் சொல்லிவிட்டார்.

"புல்லுக்குள் கல் எப்படி வந்தது?" என்றார் மேற்பார்வையாளர். அவர் பார்வை தம்பிமீதும் என்மீதும் ஊர்ந்தது.

"சரளைதான் சார். பாதையிலேர்ந்து சக்கரத்துல ஒட்டிக்கினு வந்துருக்கும். நான்தான் பாக்காம உட்டேன். என் தப்பு" என்றார் தந்தையார். என் வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அத்தனை சொற்கள் பேசி நான் கேட்டதில்லை.

விடுதியின் பதிவேடு கொணரப்பட்டது. 'காவலாளியின் கவனக்குறைவால் பொறிக்குச் சேதம்' என்று மேற்பார்வையாளர் எழுத, அதன் கீழே தந்தையார் கையொப்பமிட்டார். நான் அருகில் நின்று, 'குறைவால்' என்பதில் வல்லின றகரம் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா புறப்படுமுன் தந்தையாரிடம் அறிவுறுத்திச் சென்றார். மழைக்கு முன் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை தீட்டவேண்டும். புல்லின் நுனி நார்நாராகப் பிரிந்தால் நாள் பார்க்காமல் தீட்டவேண்டும். கல் பட்டால் அன்றைக்கே. பிய்ந்த நுனி வழியே புல்லின் ஈரமெல்லாம் போய்விடும், பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் தங்காது.

முதல் வெட்டில் வெளுத்த நுனிகள் நீங்கின. இரண்டாம் வெட்டுக்குப்பின் பச்சை எட்டிப்பார்த்தது. மாசி பிறந்தபோது, ஓரச் சட்டத்துக்கும் நடுவெளிக்கும் வேறுபாடு தெரியவில்லை. பல் விழுந்த இடத்துக்கு நேராக மட்டும், கூர்ந்து பார்ப்பவர்க்கு, மெல்லிய கோடொன்று தென்படும். உயர் அலுவலர் கூர்ந்து பார்க்கவில்லை. அவர் வந்தார், பல்வலியோடு வந்திருந்தார், கிராம்புத் தைலம் கேட்டார், கன்னத்தைப் பிடித்தபடியே விடியலில் புறப்பட்டுச் சென்றார். புல்வெளிப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. ஆனால் மேற்பார்வையாளர் பார்த்தார். வேறு ஆள் அமர்த்தும் பேச்சு அதன்பின் எழவில்லை. ஆனி மாதத்தில் நான் பொன்னேரிக்கு வண்டியேறினேன்.

அதற்குமுன் ஒரு சிறு நிகழ்ச்சி. அலுவலர் சென்ற மறுநாள், தந்தையார் என்னைக் கிணற்றடிக்கு அழைத்து உள்ளங்கையை விரித்தார். என் ஐந்து கற்கள்! "கெடச்சிது. இனிமே கெணத்து மேடையில ஆடு" என்றார். அவ்வளவே. எங்கே கிடைத்தன என்று நான் கேட்கவில்லை. தம்பியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. கற்களுள் ஒன்றில் கருநீலக் கீறலொன்று புதிதாகத் தோன்றியிருந்தது. அதனை நல்ல சகுனமென்று கருதி, அக்கல்லையே எப்போதும் மேலே வீசும் கல்லாக வைத்துக்கொண்டேன். பலமுறை வென்றேன்.

நாற்பது அகவை கடந்தபின், நான் தமிழாசிரியையாகப் பணியாற்றிய பள்ளியின் திடலில், புல்வெட்டும் பொறியொன்று கல்லில் மோதி நின்றது. பணியாளர் கல்லை எடுத்து எறிந்தார். அது என் காலடியில் வந்து விழுந்தது. அதிலும் இரும்பு உரசிய கருநீலக் கீறல். பாடவேளை தொடங்கும் மணி அடித்தது. நான் குனிந்து அதைக் கையிலெடுத்தேன். அந்தக் கார்த்திகையில் என் கல்லை அலகிடையிலிருந்து எடுத்த நொடியிலேயே தந்தையார் அறிந்திருக்கிறார். அலகைப் பற்றிப் பேசினால் கல்லைப் பற்றிப் பேச்சு வரும். கல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னைப் பற்றி வரும். அதனால் நீர் சுமந்தார். பயனில்லை என்று தெரிந்தே சுமந்தார். இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள அப்போது அவர் உயிரோடில்லை.

பொறியின் உறுப்புகளுக்கு நான் இட்டுள்ள பெயர்களிலோ, அலகு தீட்டும் முறையிலோ பிழையிருப்பின், அத்தொழில் அறிந்தோர் திருத்தியருள்க. நினைவு எழுபது ஆண்டுப் பழமையுடையது. அவ்விடுதியின் பதிவேடு ஒருவேளை எவர் கையிலேனும் எஞ்சியிருக்குமாயின், அதிலுள்ள ஒரு வரியையும் அன்புகூர்ந்து திருத்துமாறு வேண்டுகிறேன். 'காவலாளியின்' என்னும் சொல்லுக்குப்பின் 'மகளின்' என்று சேர்த்தால் போதும்.