அத்தையோடு வந்த பழைய தண்ணீர்

பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த அத்தை, தீபாவளியும் இல்லாமல் பொங்கலும் இல்லாமல் ஒருநாள் கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். சும்மா நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். நாலு நாளைக்கு ஒரு துணிப்பையும், வாளி நிறைய மீன்களும், காலி மீன்தொட்டியும் எதற்கென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. குட்டியானை வண்டியிலிருந்து மங்கிய மஞ்சள் நிறத் தண்ணீர் நிரம்பிய கேன்கள் வேறு இறங்கின.

"இன்னாம்மா, நம்ம ஊட்ல தண்ணியே இல்லன்னு நெனச்சிகினியா?" என்று அப்பா சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. வழியில் ஒரு கேன் கவிழ்ந்து, தொட்டியின் பழைய தண்ணீரில் பாதி போயிருந்தது. மீதியை ஊற்றியும் ஃபில்டர் மூழ்கவில்லை. அது ஓடாவிட்டால் மீன்களின் கழிவே அவற்றுக்கு விஷமாகிவிடும். எங்கள் போர்வெல் தண்ணீரோ வாளியில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கும் தண்ணீர். அதை மொத்தமாக ஊற்றினாலும் மீன் தாங்காது.

இதற்கிடையே அம்மா, உதவி செய்கிற நினைப்பில், ஃபில்டரின் பஞ்சைக் குழாயடிக்கு எடுத்துப் போய்விட்டாள். "அண்ணி, கழுவிடாதீங்க! அந்த அழுக்குதான் தண்ணியக் கெடாம வெச்சிக்கினு கீது" என்று அத்தை ஓடினாள். அழுக்குக்குப் பரிந்துகொண்டு அம்மாவை ஒருவர் அதட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்தோம். ஒரு டம்ளர் போர் தண்ணீர். மீன்களைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பு. மறுபடி ஒரு டம்ளர். பெரிய ஏஞ்சல் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

ஜன்னலருகே அப்பா போனில் பூந்தமல்லி மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மாப்ளே. ஞாயித்துக்கெழம நானே இட்டாந்து உட்டுர்றேன்."

அத்தையின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டியது. அதே நேரம் ஏஞ்சல் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

"ஞாயித்துக்கெழம திரும்ப எத்துகினு போனா இது தாங்குமா அத்தை?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

"தாங்காதுடீ" என்றாள். முகமெல்லாம் கண்ணீர். மீனுக்காக இப்படி அழுகிறாளே என்று எனக்கும் அழுகை வந்தது.

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்தார். மாமாவின் குரல் அதற்குள் கத்திக்கொண்டே இருக்க, அணைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குடு, நான் ஊத்துறேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார்.

இருட்டுவதற்குள் ஃபில்டர் ஓடத் தொடங்கியது. ஏஞ்சல் மீனும் மெல்ல நிமிர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அத்தையைக் கொண்டுபோய் விடவில்லை. தொட்டி வைக்க ஒரு கனமான மேசை வாங்கி வந்து ஹாலில் போட்டார். ஒரு மீனுக்காக எங்கப்பா அத்தையின் பயணத்தையே நிறுத்திவிட்டார் என்று, பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.