கொள்ளு மிதித்த எஞ்சின்

என் காதுகுத்துக்கு டூட்டி என்று வராமல் போன மாமாவோடு அப்பா பேச்சையே நிறுத்தியிருந்தார். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காதைப் பெரியப்பா மடியில் வைத்துக் குத்தும்படி ஆயிற்றாம். வலியில் அழுத நானே மறந்துவிட்டேன், அப்பா மறக்கவில்லை.

ரயிலில் உதவி டிரைவராக இருந்த அந்த மாமா முதன்முதலாகத் தானே டீசல் எஞ்சினை ஓட்டிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகத் திருமயம் பக்கம் போகப்போவதாகப் போன் வந்தது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருப் பெண்களையெல்லாம் ஆளில்லாத ரயில்வே கேட்டுக்குத் திரட்டி வந்துவிட்டாள்.

அப்பாவும் அங்கேதான் நின்றார், மாமாவைப் பார்க்க அல்ல. ரோடு முழுக்க ஊரார் கொள்ளுச்செடி பரப்பியிருந்ததால், எங்கள் செடியைத் தண்டவாளத்தின் மேலேயே பரப்பியிருந்தார். லாரியும் டிராக்டரும் மிதித்து மணி உதிர்ப்பதுபோல ரயிலும் உதிர்த்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு கணக்கு. எங்கள் ஊரில் யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை.

தூறல் போட்டது. சரக்கு வண்டி ஏற்றத்தில் ஊர்ந்து வந்தது. நசுங்கிய கொள்ளு கூழாகி வழுக்க, எஞ்சின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. புகைதான் கிளம்பியது, வண்டி அசையவில்லை. முதல் நாளே இப்படியா என்று அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பாவைப் போலீஸ் பிடித்துவிடும் என்று நான் பயந்தேன்.

மாமா ஜன்னலில் எட்டிச் செடியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"மச்சான், அங்கிட்டுக் கெடக்கே ஒங்க வீட்டு மணலு, அதுல நாலு கூடை தண்டவாளத்துல போடுங்க. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

புது வீடு கட்டக் கேட்டை ஒட்டி நாங்கள் கொட்டி வைத்திருந்த ஆற்றுமணல் அது, அம்மா போனில் சொல்லியிருக்க வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிச் செடியை வாரி எறிந்தார். தெருவே கூடை தூக்கியது. நானும் பாவாடையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். மாமா கை காட்டியதும் எல்லோரும் விலகி நின்றோம்.

எஞ்சின் உறுமியது, நகர்ந்தது, ஏறியே விட்டது! மாமா அடித்த ஹாரனில் காது அடைத்தது. அம்மா குலவை போட்டாள். அப்பா துண்டைச் சுழற்றியபடி எஞ்சினோடு கொஞ்ச தூரம் ஓடினார்.

"ஞாயித்துக்கெழமை சாப்பிட வந்துரு மாப்ள."

என் பாவாடை மணல்தான் அத்தனை பெரிய எஞ்சினை ஏற்றியது என்று பள்ளிக்கூடத்தில் பல நாள் அலட்டிக்கொண்டு திரிந்தேன். வழுக்கினால் கொட்டுவதற்கென்றே டீசல் எஞ்சினில் மணல் பெட்டி உண்டு, சுவிட்சை அழுத்தினால் போதும் என்பதும், பெட்டி நிறைய மணலை வைத்துக்கொண்டுதான் மாமா அப்பாவிடம் கேட்டார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.