நாற்பத்தேழாவது பயணி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் உஷாராணியைப் பார்க்கட்டும். நாள், மணி, நிமிஷம் எல்லாம் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கண், காது, மூக்கு எதுவும் நான் வைக்கவில்லை. பேய்க்கும் பட்டப்பகலுக்கும் ஆகாது என்பார்கள். எந்தப் புண்ணியவான் சொன்னானோ... இது நடந்ததெல்லாம் பட்டப்பகலில்தான்.

உஷாராணியின் புருஷன் முகுந்தன் மாடல் செய்கிறவன். வீடு கட்டி விற்கும் கம்பெனிகளுக்கு, இன்னும் கட்டாத வீடுகளை மேசை மேல் கட்டிக் காட்டுவான். போன வருஷம் அவனைத் தேடிக் கிள்ளானிலிருந்து சபாபதி என்பவர் வந்தார். கண்காட்சிக்கூடம் ஒன்று திறக்கப் போகிறாராம். நடுக்கூடத்தில் வைக்க அவர் கேட்டது ஓர் ஆகாயக் கப்பல். ராட்சத பலூன், அதன் வயிற்றுக்கு அடியில் ஆட்கள் உட்காரும் கூண்டு. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன் எங்கோ எரிந்து விழுந்த கப்பல் அது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

“செத்தவங்க நாப்பத்தாறு பேர். அத்தனை பேரையும் உள்ள உக்கார வைக்கணும், பாஸ்,” என்றார் சபாபதி.

இரண்டு மாதம் வீட்டுக் கூடத்திலேயே வேலை நடந்தது. மெல்லிய மரச்சட்டத்தில் எலும்புக்கூடு, அதன் மேல் பட்டுத்துணி, இரண்டு மீட்டர் நீளம். கடைசியாக நகத்தளவுப் பொம்மைகள், நாற்பத்தாறு. அங்கேதான் உஷாராணி வாயைக் கொடுத்தாள்.

“இரட்டைப்படையில நிறுத்தாதீங்க. முதல் பெரிய வேலை. மொய்யே நூத்தியொன்னுதான் வைக்கிறோம். ஒன்னு கூட்டி வைங்க லா.”

“இது செத்தவங்க கணக்குடி. யாரைக் கூட்டுறது?”

“உங்களையே வைங்க. செஞ்சது நீங்கதானே!”

அவன் சிரித்தான். கண்ணாடி போட்ட ஒரு குட்டி முகுந்தனைச் செய்து, வால் பக்கத்துக் கடைசி ஜன்னலோரம் பசை வைத்து உட்கார வைத்தான். இருவரும் அதைப் பார்த்து ரசித்தார்கள். விளையாட்டு வினையாகும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் திங்கட்கிழமை. பிற்பகல் 3:10. அடுக்களையில் இருந்த உஷாராணிக்கு ஒரு சத்தம் கேட்டது. ம்ம்ம்ம்ம்... தூரத்தில் எந்திரம் ஓடுவதுபோல. ஒரு நிமிஷம். பிறகு நின்றுவிட்டது. கீழே லோரி போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய், 3:10. அதே சத்தம். இந்தத் தடவை கூடத்திலிருந்து வந்தது. போய்ப் பார்த்தாள். கப்பல் அசையாமல் மேசை மேல் இருந்தது. ஆனால் கண்ணாடி போட்ட பொம்மை கடைசி ஜன்னலில் இல்லை. நடு ஜன்னலில் இருந்தது.

“நீங்க மாத்தி வச்சீங்களா?”

“கூண்டை ஒட்டி மூடியாச்சு. எப்படி மாத்துறது?”

புதன்கிழமை முகுந்தனுக்குக் காய்ச்சல். தொட்டால் கை சுட்டது. பெனடோல் மாத்திரை கேட்கவில்லை. கிளினிக் ஊசியும் கேட்கவில்லை.

வியாழன், 3:10. ம்ம்ம்ம்ம்... முடி பொசுங்கும் வாடை. பொம்மை முதல் ஜன்னலுக்கு வந்திருந்தது. கட்டிலில் கண்மூடிக் கிடந்த முகுந்தன் முனகினான்.

“இறங்கணும்... கதவு திறக்கல, உஷா...”

அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனுடைய பிளேடை எடுத்துக் கூண்டின் அடியைக் கீறினாள். இடுக்கியை உள்ளே விட்டுப் பொம்மையைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

உள்ளிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

மாரியம்மா என்று கத்திக்கொண்டே பிடுங்கினாள். வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள். ஸ்ஸ்ஸ்... என்றது.

அரை மணியில் காய்ச்சல் இறங்கியது. முகுந்தன் எழுந்து கஞ்சி கேட்டான். உஷாராணி அழுதாள். அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமானவள் கோலாலம்பூரிலேயே கிடையாது.

வெள்ளிக்கிழமை கூண்டை ஒட்டிச் சரிசெய்தார்கள். உள்ளே நாற்பத்தாறு பேர். கப்பல் லோரியில் கிள்ளானுக்குப் போனது. சனிக்கிழமை திறப்பு விழா.

“எனக்கு மாலை போடப் போறாரு, உஷா. போகலேன்னா நல்லா இருக்காது.”

“மாலையும் வேணாம், மரியாதையும் வேணாம். அது பக்கத்துல நீங்க போகக்கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க.”

முணுமுணுத்தான். ஆனாலும் போகவில்லை. கூடத்து நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டான்.

3:14-க்கு, அடுக்களையில் இருந்த உஷாராணிக்கு சபாபதி போன் செய்தார்.

“அக்கா... குத்துவிளக்கு ஏத்தினோம். விளக்கு தூரமாத்தான் இருந்துச்சு. கப்பல் தானா பத்திக்கிச்சு. ஒரே நிமிஷம்... சாம்பல். ஆளுங்க யாருக்கும் ஒன்னும் இல்ல.”

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தப்பித்தோம். சனியன் தொலைந்தது. அவனிடம் சொல்லக் கூடத்துக்கு ஓடினாள்.

நாற்காலியில்தான் இருந்தான்.

கையில் பேப்பர். கசங்கவில்லை.

சட்டையில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை.

சட்டைக்குள்ளே...

டாக்டர் இரண்டு முறை கேட்டார். “இது தீக்காயம்மா. தீ எங்க?”

பதினாறாம் நாள் காரியத்துக்கு சபாபதி வந்தார். திறப்பு விழாவுக்கு அச்சடித்த சிறு புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தில் இறந்த நாற்பத்தாறு பேரின் பெயர்கள். நாற்பத்தாறாவது பெயருக்குக் கீழே மட்டும் பொடி எழுத்தில் மூன்று வரி.

‘இவர் கப்பலில் இல்லை. புறப்படும் நேரத்தில் மனைவி பிடிவாதமாகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கப்பல் எரிந்த அதே பிற்பகல் 3:10-க்கு, தம் வீட்டில், தீயே இல்லாத அறையில் எரிந்து இறந்தார்.’

அந்தப் பக்கத்தை உஷாராணி என்னிடம் காட்டினாள்.

“நானும் இறக்கித்தானே விட்டேன்...” என்றாள்.