கடுக்காய் கலந்த தொட்டி

மீனின் வாலில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ இருப்பதை முதலில் கவனித்தது என் மகள்தான். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த தங்கமீன் அது. கூட வாங்கிய இன்னொன்று வந்த வாரமே செத்துப்போனதால் இதன்மேல் அவளுக்குப் பிரியம் கூடியிருந்தது. பள்ளிக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "சாயந்திரம் வர்றேன், சாப்ட்டுட்டு இரு" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். இதுவும் செத்துவிடக் கூடாது. அடுத்து நான் செய்த எல்லாவற்றையும் அந்த நினைப்பில்தான் செய்தேன்.

கடையில் நீல நிறத்தில் ஒரு மருந்தைக் காட்டினார்கள். கண்ணில் படக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று சீசாவில் எழுதியிருந்தது. வாங்காமல் திரும்பிவிட்டேன். ஆம்பூரில் குடித்தனம் செய்கிறவளுக்குக் கெமிக்கல் என்ற ஒரு சொல்லே போதும். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். காற்று திசை மாறி தோல் கம்பெனிகளின் வாடை வந்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறவள் நான். வீட்டுக்குள் நானே ஒரு கெமிக்கலைக் கொண்டுவர மாட்டேன்.

செல்போனில் தேடினேன். மஞ்சள், வேப்பிலை, வாதாம் இலை என்று வரிசையாக வீடியோக்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இயற்கை, அதனால் பயமே வேண்டாம். கீழ்வீட்டில் ஒரு நாட்டு வாதாம் மரம் நிற்கிறது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் ஆபா என்று கூப்பிடுவோம். உருதுவில் அக்கா என்று பொருள். காய்ந்த இலைகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஆபா சிரித்தார்.

"தினம் இத பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு போச்சு. இன்னும் எவ்ளோ மீனுக்கு வைத்தியம் பாக்கணுமோ சொல்லு, மூட்டை கட்டித் தர்றேன்."

இலை ஊறித் தண்ணீர் பால் சேர்க்காத டீ நிறத்துக்கு வந்தது. மீன் அதில் நன்றாகத்தான் நீந்தியது. ஆனால் வெள்ளை குறையவில்லை. அந்த இலையில் இருக்கும் டேனின் என்ற துவர்ப்புச் சத்துதான் மருந்து என்று வீடியோவில் சொன்னதை என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேனினா? அதுக்கு இன்னாத்துக்கு இலை பொறுக்குற? எங்க செக்ஷன்ல மூட்டை மூட்டையா இருக்குது."

அவர் தோல் பதனிடும் கம்பெனியில் வெஜிடபிள் செக்ஷனில் வேலை செய்கிறார். மற்ற செக்ஷன்களில் போடும் குரோமியம் என்ற கெமிக்கல் அங்கே கிடையாது. மரப்பட்டையும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில்தான் தோலைப் போடுவார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"கெமிக்கல் எதுவும் கலந்திருக்காதே?" என்று கேட்டேன்.

"கடுக்காய்மா. வெறும் கடுக்காய். பாப்பாவுக்கே கல்லுல உரசி நாக்குல தடவுனியே."

கைக்குழந்தையாக இருந்தபோது குளிக்க வைத்துவிட்டு என் கையால் உரசிக் கொடுத்ததுதான். குழந்தையின் நாக்கில் வைத்த ஒன்று மீனை என்ன செய்துவிடும்? இருந்தாலும் அவர் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகும் இன்னொரு தடவை கேட்டேன். அவர் சிரித்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு ஸ்பூன் பொடியைக் கலந்தேன். போதாதோ என்று தோன்றியது. இன்னொரு ஸ்பூன் போட்டேன்.

காலையில் கணவர் வேலைக்குப் போன பின், மகளையும் அவசரமாக ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்துதான் தொட்டியைப் பார்த்தேன். மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள்கள் விரிந்தபடியே நின்றன. உடம்பிலிருந்து பழுப்பாக நூல் நூலாக ஏதோ உரிந்து தொங்கியது. அது மீனின் மேல் எப்போதும் இருக்கும் வழவழப்பு என்று கையில் எடுத்த பிறகுதான் புரிந்தது. வழவழப்பே இல்லை. என் கையிலிருந்து அது நழுவவில்லை.

குளியலறையில் பக்கெட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் அதை விட்டேன். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் வேதியியல் படித்தவள். டேனின் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் பச்சைத் தோல் அழுகாமல் பதமாகிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். மீனின் வழவழப்பும் புரதம்தான். செவுள் அதைவிட மெல்லியது. இந்த ஊரில் தோலுக்குச் செய்வதை உயிரோடு இருக்கும் ஒன்றுக்கு நான் செய்திருக்கிறேன். குழந்தையின் நாக்கில் ஓர் இழுப்புத் தடவியதும், இரவு முழுக்க அதையே மூச்சாக இழுக்க வைத்ததும் ஒன்றா? இந்தக் கேள்வி முந்தின நாள் ஏன் எனக்கு வரவில்லை?

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"இன்னாங்க, மீன் மூச்சு விட முடியாம தவிக்குது."

"ஜாஸ்தி போட்டியா?"

"ரெண்டு ஸ்பூன்."

"ரெண்டு ஸ்பூன்ல இன்னா ஆவும்? நாங்க நாள் பூரா அந்தத் தண்ணியிலதான் கைய வெச்சினு இருக்கிறோம்."

"கைதானே வெக்கிறீங்க. அதுலயா மூச்சு வுடுறீங்க?"

"சாயந்திரம் வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்து ஆபா மாடியேறி வந்தார். எட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "கொஞ்சம் மஞ்சத்தூள் போடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். "வேணாம் ஆபா, இனிமே எதுவும் வேணாம்" என்றேன். சொன்ன விதம் எனக்கே கடுமையாகப் பட்டது. அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டியில் இருந்த காற்றுக் குழாயை எடுத்துப் பக்கெட்டில் போட்டுவிட உதவினார்.

மாலை மகள் பையைக்கூடக் கழற்றாமல் பக்கெட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் வந்து குனிந்து பார்த்தார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"சின்ன வயசுல அணைக்கட்டுல எங்க ஊரு ஏரியில மீனுங்க இப்டித்தான் வாயத் தொறந்துனு மேல மிதக்கும். கையாலயே அள்ளுவோம்."

"எதனால மிதக்கும்?"

"கள்ளிய வெட்டி இடிச்சிப் போடுவாங்க. மயங்கி மேல வந்துடும்."

அவரையே பார்த்தேன். "கள்ளி செடிதானே?"

"ஆமா."

"செடியப் போட்டா மீன் சாவும்னு தெரிஞ்சுதான், வெறும் கடுக்காய்னு சொன்னீங்களா?"

"அது மீன் புடிக்கறதுக்கும்மா" என்றார். "இது மருந்து." சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. அவரை நான் என்ன சொல்ல? கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். எருக்கம்பாலும் தெரியும். செடிகளில் நஞ்சு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே, செடி என்றால் நல்லது என்று நம்பி ஸ்பூனை எடுத்திருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. பக்கெட் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருந்தேன். மதியத்துக்கு முன்பு மீன் ஒருக்களித்துச் சாய்ந்தது. மகள் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். அது தள்ளிய பக்கமே போய் நின்றது.

"வெள்ள நோயாலயாம்மா செத்துச்சு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல. நான் போட்ட கடுக்காயால இருக்கும்" என்றேன்.

"மருந்துன்னு சொன்னியே."

"மருந்துன்னுதான் நெனச்சேன். அது தோல கெட்டியாக்கிடும். அப்பா கம்பெனியில அதுக்குத்தான் போடுறாங்க."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மீனைத் தள்ளிய விரலைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு கையால் அதை அழுத்திப் பார்த்தாள்.

"நேத்து காலைல தொட்டில கைய வுட்டு அதுக்குச் சாப்பாடு போட்டேன்" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா வருடக்கணக்காக அந்தத் தண்ணீரில்தான் கையை வைக்கிறார். தெரிந்தும் அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவினேன். நுரை போன பிறகு மறுபடியும் சோப்பை எடுத்தேன். "போதும்மா, வலிக்குது" என்று அவள் கையை உருவிக்கொள்ளும்வரை கழுவிக்கொண்டே இருந்தேன்.